இரண்டு சுற்றுகள், ஒரு காத்திருப்புப் பட்டியல்: மேரி க்யூரி ஃபெல்லோஷிப் விண்ணப்பம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

## பின்னணி

இந்த நிகழ்வுக்குரியவர் பொருள் வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வை முடித்த ஓர் ஆய்வாளர். சோடியம் அயனி பேட்டரியில் எதிர்மின்வாயாகப் பயன்படும் ஹார்டு கார்பன் அவருடைய ஆய்வுப் பொருள். 2023 ஏப்ரலில் வாய்மொழித் தேர்வு முடிந்தது. முதல் ஆசிரியராக இரண்டு கட்டுரைகள் வெளியாகியிருந்தன. பட்டச் சான்றிதழ் கைக்கு வர இன்னும் ஏழு மாதம் இருந்தது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி ஸ்கோடோவ்ஸ்கா-க்யூரி முதுமுனைவர் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுக்கான) ஃபெல்லோஷிப்பை அவர் தேர்ந்தெடுத்தார். ஐரோப்பியப் பிரிவில் இது 12 முதல் 24 மாதம் வரை கிடைக்கும். எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம், ஆய்வுத் தலைப்புக்கும் கட்டுப்பாடு இல்லை. 2023 சுற்றின் விதிப்படி, விண்ணப்பத்தின் கடைசி நாளன்று முனைவர் பட்டம் பெற்றிருக்க வேண்டும். பட்டம் பெற்ற பிறகான ஆய்வு அனுபவம் 8 ஆண்டைத் தாண்டக் கூடாது. ஆய்வேட்டுத் தேர்வில் வெற்றி பெற்று, சான்றிதழ் மட்டும் வரவேண்டியிருப்பவரும் தகுதியுள்ளவர்தான். அதனால் சான்றிதழ் இல்லாதது தடையாகவில்லை. வாய்மொழித் தேர்வில் தேறியதற்கான பல்கலைக்கழகக் கடிதத்தைத் தேதியோடு வாங்கி வைத்துக்கொண்டார்.

போட்டியின் அளவையும் சொல்லிவிட வேண்டும். 2023 சுற்றுக்கு வந்த விண்ணப்பங்கள் 8,039, தேர்வானவை 1,249. 2024 சுற்றில் 10,360 விண்ணப்பங்களிலிருந்து 1,696 தேர்வாயின. இரண்டு ஆண்டும் ஆறில் ஒருவருக்குக்கூடக் கிடைக்கவில்லை. எழுதியவற்றில் நல்லவை பலவும் திரும்பி வரும் இடம் இது.

## தகுதிக் கணக்கில் வந்த சிக்கல்

ஆய்வாளர் முதலில் மனதில் வைத்திருந்தது, முனைவர் பட்ட ஆய்வின்போது இரண்டு முறை சென்று பணியாற்றிய ஆய்வகத்தை. இங்கே அதை 'அ' என்று குறிப்போம். அந்த வழிகாட்டியை நன்றாகத் தெரியும், கருவிகளும் பழக்கமானவை. மே, ஜூன் இரண்டு மாதமும் அவருடன் பேசியே ஆய்வுத் திட்டம் உருவானது. ஜூன் கடைசி வாரத்தில்தான் இடப்பெயர்வு விதியை யாரோ நினைவூட்ட, நாள்காட்டியை எடுத்தார்கள்.

அந்த விதி இது: கடைசி நாளுக்கு முந்தைய 36 மாதங்களில், ஹோஸ்ட் நிறுவனம் (ஆய்வாளரை ஏற்று ஆய்வுக்கு இடம் தரும் நிறுவனம்) உள்ள நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கவோ, வேலை, படிப்பு போன்ற முதன்மைச் செயல்பாட்டை நடத்தியிருக்கவோ கூடாது. விடுமுறைப் பயணம் போன்ற குறுகிய தங்கல்கள் கணக்கில் வராது. ஆய்வு நிமித்தம் தங்கிய மாதங்கள் வரும். 2023-இன் கடைசி நாள் செப்டம்பர் 13. ஆகவே 2020 செப்டம்பர் 13 முதல் எண்ண வேண்டும். ஆய்வாளர் 'அ' நாட்டில் இருந்தது 2020 நவம்பர் முதல் 2021 ஜூலை முடிய 9 மாதம். 2022 பிப்ரவரி முதல் ஜூன் முடிய 5 மாதம். மொத்தம் 14. இரண்டு மாதம் கூடுதல். தகுதி இல்லை.

இதில் பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. 12 மாதம் தொடர்ச்சியாக இருந்தால்தான் விதி பொருந்தும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். விட்டுவிட்டு இருந்தாலும் கூட்டித்தான் பார்ப்பார்கள். தன் வழிகாட்டிக்குத் தெரிந்திருக்கும் என்று நம்புவதும் பயன் தராது. ஒரு வழிகாட்டிக்கு ஆய்வாளரின் தங்கல் தேதிகளை எண்ணிப் பார்க்கும் தேவை வருவதே இல்லை. இவருடைய பாஸ்போர்ட் முத்திரைகளிலும் வாடகை ஒப்பந்தத்திலும் எல்லாம் இருந்தது. எண்ணத்தான் யாரும் இல்லை.

கடைசி நாளுக்கு 11 வாரம் இருந்தது. இரண்டு வழிகள் தெரிந்தன. ஓராண்டு பொறுத்தால் 36 மாதச் சாளரம் நகர்ந்து 2020–21 தங்கல் அதிலிருந்து விழுந்துவிடும். 'அ' ஆய்வகத்திலேயே விண்ணப்பிக்கலாம். அல்லது உடனே வேறு நாட்டில் வேறு ஹோஸ்ட் தேட வேண்டும். ஓராண்டு சும்மா போவதை ஆய்வாளர் விரும்பவில்லை. ஆறு ஆய்வகங்களுக்கு எழுதினார். இருவர் பதில் தந்தார்கள். ஜூலை 20 அன்று அவர்களில் ஒருவர், பேட்டரி செல் தயாரிப்பில் அனுபவமுள்ள ஒரு மின்வேதியியல் குழுவின் தலைவர், ஒப்புக்கொண்டார். அது 'ஆ' ஆய்வகம். எஞ்சியது 8 வாரம்.

## முதல் விண்ணப்பம்

இந்தத் திட்டத்தில் விண்ணப்பத்தை முறைப்படி சமர்ப்பிப்பது ஹோஸ்ட் நிறுவனம். இணையதளத்தில் விண்ணப்பத்தைத் தொடங்கி முதன்மைத் தொடர்பாளராக இருக்க வேண்டியவர் வழிகாட்டி. ஆய்வாளரை அவர் அதில் சேர்க்க வேண்டும். இங்கே ஆய்வாளர் தன் பெயரில் ஒரு வரைவைத் தொடங்கி, நிறுவன விவரம் நிரப்பும் இடத்தில் மாட்டிக்கொண்டார். அதைக் கைவிட்டு வழிகாட்டியின் கணக்கிலிருந்து மறுபடி தொடங்குவதற்குள் நான்கு நாள் போயிற்று. ஒரு சுற்றில் ஓர் ஆய்வாளர் ஒரே விண்ணப்பம்தான் தரலாம் என்பதால், பழைய வரைவு தவறிப்போய்ச் சமர்ப்பிக்கப்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டியும் இருந்தது.

மதிப்பீடு மூன்று அளவுகோல்களில் நடக்கும்: ஆய்வின் தரத்துக்கு 50 விழுக்காடு, தாக்கத்துக்கு 30, செயலாக்கத்துக்கு 20. மூன்றையும் 10 பக்கத்துக்குள் எழுத வேண்டும். அதற்கு மேல் எழுதியது மதிப்பீட்டாளரின் கண்ணில் படாது. ஆய்வாளர் இந்த 10 பக்கத்தைப் பிரித்த விதம்: தரத்துக்கு ஆறரை, தாக்கத்துக்கு இரண்டு, செயலாக்கத்துக்கு ஒன்றரை. ஆறரைப் பக்கத்தில் ஏறக்குறைய ஐந்து பக்கம் ஹார்டு கார்பனின் மூடிய துளைகளில் சோடியம் எப்படிச் சேர்கிறது என்ற விளக்கமும் அதைச் சிறுகோண எக்ஸ்-கதிர்ச் சிதறல் மூலம், பேட்டரி ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்கும் முறையும். அறிவியலாக அந்தப் பகுதி தெளிவாகவும் புதிதாகவும் இருந்தது. இதை அழுத்திச் சொல்லக் காரணம், பின்னர் வந்த மதிப்பெண்ணைப் பார்த்து அறிவியலே பலவீனம் என்று ஆய்வாளர் சில வாரம் நம்பிவிட்டார்.

செப்டம்பர் 13, பிரசல்ஸ் நேரம் மாலை 5 மணி கெடு. முதல் சமர்ப்பிப்பு அன்று பகல் 2 மணிக்கு நடந்தது. கெடு முடியும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிச் சமர்ப்பிக்கலாம், கடைசியாகச் சமர்ப்பித்ததே எண்ணப்படும். அப்படியிருக்க இவ்வளவு தாமதிக்கக் காரணமே இல்லை. மேற்கோள் பட்டியலில் பாதி எண்கள் இடம் மாறியிருந்தது சமர்ப்பித்த பிறகு தெரிந்தது. திருத்த நேரம் போதவில்லை.

## மதிப்பீட்டு அறிக்கையில் இருந்தவை

2024 பிப்ரவரியில் முடிவு வந்தது. ஒவ்வோர் அளவுகோலுக்கும் 5-க்கு மதிப்பெண்: தரம் 4.2, தாக்கம் 4.0, செயலாக்கம் 3.9. விழுக்காட்டில் 81.6. தகுதி எல்லையான 70-க்கு மேல். 85 பெற்றால் கிடைக்கும் 'சீல் ஆஃப் எக்ஸலன்ஸ்' சான்றுக்குக் கீழ். நிதி இல்லை.

70-க்குக் கீழே போயிருந்தால் அடுத்த ஆண்டு அதே ஹோஸ்டுடன் விண்ணப்பிக்கவே முடிந்திருக்காது. அந்தத் தடை இங்கே இல்லை என்பதைத்தான் முதலில் உறுதிசெய்தார்கள்.

அறிக்கையின் குறைகளில் ஆய்வுக் கருத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. முக்கியமாக நான்கு குறைகள் இருந்தன. ஒன்று, முழு ஆய்வும் சிங்க்ரோட்ரான் (மிகச் செறிவான எக்ஸ்-கதிர் தரும் பெரிய வெளி வசதி) பீம்டைமை, அதாவது அதைப் பயன்படுத்த ஒதுக்கப்படும் நேரத்தை, நம்பியிருக்கிறது; அது கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பதற்கு 'மீண்டும் விண்ணப்பிப்போம்' என்ற ஒரு வரி மட்டுமே. இரண்டு, ஆய்வாளர் ஹோஸ்டிடம் கற்பது எழுதப்பட்டிருக்கிறது, ஹோஸ்ட் குழு ஆய்வாளரிடம் கற்பது எழுதப்படவில்லை. மூன்று, முடிவுகளைப் பரப்பும் திட்டம் பொதுவாக இருக்கிறது: எந்த மாநாடு, எந்தத் தரவுக் களஞ்சியம், யாருக்காக என்ற விவரம் இல்லை. நான்கு, பணித்திட்டத்தின் மைல்கற்கள் 'அளவீடுகள் முடிந்தன' என்பது போல இருக்கின்றன. முடிந்ததா இல்லையா என்று எதை வைத்துச் சரிபார்ப்பது?

இந்த நான்கில் பீம்டைம் குறைதான் கனமானது. தரத்தின் கீழ் 'முறையியல்' பகுதியிலும் செயலாக்கத்தின் கீழ் 'இடர்' பகுதியிலும் அது பேசப்பட்டிருந்தது. ஒரே ஓட்டை இரண்டு இடத்தில் மதிப்பெண்ணைத் தின்றது.

## இரண்டாம் சுற்றுக்கான முடிவுகள்

2024 சுற்றின் கடைசி நாள் செப்டம்பர் 11. சாளரம் 2021 செப்டம்பர் 11-இலிருந்து தொடங்குவதால் 'அ' நாட்டுத் தங்கல் இப்போது 5 மாதம்தான். 'அ' ஆய்வகம் மறுபடி திறந்துவிட்டது. பழகிய இடத்துக்கே திரும்பிவிடலாமா என்ற கேள்வி உண்மையாகவே எழுந்தது. அந்த வழிகாட்டியும் வரவேற்றார்.

'ஆ'-விலேயே தொடர்வது என்று முடிவாயிற்று. மதிப்பீட்டாளர்கள் பார்ப்பது, இந்த இடமாற்றத்தால் ஆய்வாளருக்குப் புதிதாக என்ன திறன் சேரும் என்பதை. 'அ'-வில் புதிதாகக் கற்க அதிகம் இல்லை. 'ஆ'-வில் செல் தயாரிப்பும் மின்வேதியியல் பகுப்பாய்வும் புதியவை. 'ஆ' குழுவுக்கோ சிதறல் தரவுப் பகுப்பாய்வு தெரியாது. இருவழிக் கற்றல் அங்கே இயல்பாகவே இருந்தது. முதல் முறை அதை எழுதத் தவறியதுதான் பிழை. 'அ'-வை விடவும் இல்லை. ஐரோப்பியப் பிரிவில் ஃபெல்லோஷிப் காலத்தின் மூன்றில் ஒரு பங்கு வரை வேறு நிறுவனத்தில் செகண்ட்மென்டாக, அதாவது தற்காலிகமாகச் சென்று பணியாற்றி, செலவிடலாம். இடப்பெயர்வு விதி ஹோஸ்ட் நாட்டுக்கே உரியது, செகண்ட்மென்ட் நடக்கும் நாட்டுக்கு அல்ல. 24 மாதத்தில் 3 மாதம் 'அ'-வில், சிதறல் தரவுக்கான மாதிரியமைப்புக்கு என்று ஒதுக்கினார்கள்.

பீம்டைம் சிக்கலுக்குச் சொற்களால் மட்டும் விடை தர முடியாது என்பது தெளிவாக இருந்தது. மூன்று காரியங்கள் நடந்தன.

2024 மார்ச்சில், ஃபெல்லோஷிப்போடு சம்பந்தமில்லாமல், 'ஆ' குழுவும் ஆய்வாளரும் சேர்ந்து பீம்டைமுக்கு விண்ணப்பித்தார்கள். ஜூனில் 9 ஷிஃப்டுகள் கிடைத்தன. ஒரு ஷிஃப்ட் 8 மணி நேரம். ஆக மூன்று நாள், நவம்பரில்.

மே மாதத்தில் ஆய்வாளர் மூன்று வாரம் 'ஆ' ஆய்வகத்துக்குச் சென்றார். அங்குள்ள சாதாரண ஆய்வகச் சிதறல் கருவியில், ஒரு செல்லை மிக மெதுவாக, C/20 வேகத்தில் மின்னிறக்கம் செய்து பார்த்தார்கள். ஒரு முறை முழுதாக இறங்க 20 மணி நேரம். ஆய்வகக் கருவிக்கு ஒரு படம் எடுக்க 30 நிமிடம் வேண்டும், அதாவது ஓர் இறக்கத்துக்கு 40 படங்கள். மின்னழுத்தம் சமநிலையாக ஓடும் பகுதியில் துளைகள் நிரம்புவது அந்த 40 படங்களிலேயே தெரிந்தது. வேகமாக ஏற்றி இறக்கும்போது நடப்பதைப் பார்க்கத்தான் சிங்க்ரோட்ரான் தேவை. அடிப்படைக் கேள்விக்கு அது இல்லாமலே விடை காண முடியும்.

இந்தச் சோதனையின் வளைவு ஒன்று விண்ணப்பத்தில் படமாகப் போனது. 'மீண்டும் விண்ணப்பிப்போம்' என்ற வரி போய், '14-ஆம் மாதத்துக்குள் இரண்டாவது பீம்டைம் கிடைக்காவிட்டால் வேகச் சோதனைகள் மூன்று மாதிரிகளிலிருந்து ஒன்றாகக் குறையும். C/20 சோதனைகள் ஆய்வகக் கருவியில் தொடரும்' என்ற வரி வந்தது. தேதியும் அளவும் விளைவும் சேர்ந்த இடர்த் திட்டம் அது. எதை இழப்போம் என்பதை ஒளிக்காமல் எழுதியதுதான் அதற்கு வலு தந்தது என்பது எங்கள் கணிப்பு.

பக்கப் பிரிவும் மாறியது: தரம் 5, தாக்கம் இரண்டே முக்கால், செயலாக்கம் இரண்டேகால். ஹார்டு கார்பன் பின்னணி விளக்கம் பாதியாகக் குறைந்தது. மைல்கற்கள் சரிபார்க்கத்தக்கவையாயின: 'ஆறாம் மாத இறுதி: ஐந்து செல்கள், ஒவ்வொன்றும் 50 சுழற்சிக்குப் பிறகு தொடக்கக் கொள்ளளவில் 90 விழுக்காட்டுக்குக் குறையாமல்'. தரவு எந்தக் களஞ்சியத்தில், எந்த மாதம், எந்த உரிமத்தில் வெளியாகும் என்பதும் எழுதப்பட்டது. ஆகஸ்ட் இறுதியில் முழு வரைவைத் துறைக்கு வெளியே உள்ள ஒரு வேதியியலாளரிடமும், வேறொரு துறையில் இதே ஃபெல்லோஷிப் பெற்ற ஒருவரிடமும் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். இரண்டாமவர் எழுதிய கருத்துகள் எல்லாமே தாக்கம் பகுதியைப் பற்றியவை.

முதல் சமர்ப்பிப்பு ஆகஸ்ட் 30. அதன் பிறகு மூன்று முறை மாற்றினார்கள்.

## காத்திருந்த மாதங்கள்

செப்டம்பரிலேயே 'ஆ' வழிகாட்டி தன் திட்ட நிதியிலிருந்து ஆறு மாத ஒப்பந்த வேலை ஒன்றைத் தர முன்வந்தார். ஆய்வாளர் மறுக்கத் தயாரானார். ஹோஸ்ட் நாட்டுக்கு முன்கூட்டியே போனால் இடப்பெயர்வு விதி மீறப்படும் என்ற பயம். அந்தப் பயத்துக்கு இடமில்லை. விதி கடைசி நாளை வைத்து மட்டுமே பார்க்கப்படும். செப்டம்பர் 11-க்குப் பிறகு ஹோஸ்ட் நாட்டில் எவ்வளவு காலம் இருந்தாலும் தகுதி மாறாது. நிறுவனத்தின் ஆய்வு நிதி அலுவலகம் இதை எழுத்தில் உறுதிசெய்த பிறகு, அக்டோபர் 15-இல் வேலையில் சேர்ந்தார்.

இதனால் நவம்பர் பீம்டைமை அவரே நடத்தினார். ஆறு செல்கள் கொண்டுபோனதில் இரண்டில், எக்ஸ்-கதிர் ஊடுருவும் ஜன்னல் படலத்தின் ஓரம் வழியாக எலெக்ட்ரோலைட் கசிந்தது. மூன்று நாளில் ஏறக்குறைய ஒரு நாள் வீணாயிற்று. விண்ணப்பம் ஏற்கெனவே போய்விட்டதால் மதிப்பெண்ணுக்கு இதனால் பாதிப்பில்லை.

2025 பிப்ரவரியில் முடிவு: தரம் 4.7, தாக்கம் 4.6, செயலாக்கம் 4.6, மொத்தம் 93.0. ஆனாலும் நேரடித் தேர்வில்லை, காத்திருப்புப் பட்டியல். தேர்வானவர்களில் சிலர் வேறு வேலைக்குப் போய் விலகும்போது இந்தப் பட்டியலிலிருந்து வரிசைப்படி அழைப்பார்கள். எப்போது, எத்தனை பேர் என்பது யார் கையிலும் இல்லை.

மார்ச்சில் வேறொரு ஆய்வகத்திலிருந்து இரண்டு ஆண்டு முதுமுனைவர் வேலைக்கான அழைப்பு வந்தது. மூன்று வாரத்தில் பதில் கேட்டார்கள். ஆய்வாளர் காத்திருப்புப் பட்டியலில் இருப்பதை மறைக்காமல் சொல்லி, மே இறுதிவரை அவகாசம் கேட்டார். அவர்களால் முடியவில்லை, இடம் வேறொருவருக்குப் போனது. ஒப்பந்தம் ஏப்ரல் நடுவில் முடிய, 'ஆ' வழிகாட்டி இரண்டு மாதம் நீட்டித்தார். அதற்கு மேல் நிதி இல்லை.

ஜூன் முதல் வாரத்தில் அழைப்பு வந்தது.

இந்த வரிசையைப் பார்த்து, கையிலிருந்த வேலையை விட்டது சரியான முடிவு என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அழைப்பு வராமலும் போயிருக்கலாம். அந்த நாளில் இருந்த தகவலை வைத்துப் பார்த்தால், உறுதியான இரண்டு ஆண்டு வேலையை ஏற்றிருந்தாலும் அது நியாயமான முடிவே.

## முடிவு

2025 செப்டம்பரில் ஃபெல்லோஷிப் தொடங்கியது. 2024 சுற்றின் கணக்குப்படி மாதம் 5,990 யூரோ வாழ்க்கைப்படி, 710 யூரோ இடப்பெயர்வுப்படி. குடும்பம் உள்ளவருக்கு 660 யூரோ தனி. வாழ்க்கைப்படி நாட்டுக்கேற்ற திருத்தக் குணகத்தால் பெருக்கப்படும். இந்தத் தொகைகள் நிறுவனத்துக்குத் தரப்படுபவை. முதலாளி செலுத்தும் சமூகப் பாதுகாப்புப் பங்கும் ஊழியரின் வரியும் கழிந்த பிறகே கைக்கு வரும். 5,990 முழுதும் கையில் வரும் என்று ஆய்வாளர் கணக்கிட்டிருந்தார். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் நிறுவனத்தின் ஊதியப் பிரிவிடம் நிகரத் தொகையைக் கேட்டதால், வீட்டு வாடகையை அதற்கேற்பப் பார்த்துக்கொள்ள முடிந்தது. ஆய்வு, பயிற்சிக்காக நிறுவனத்துக்கு மாதம் 1,000 யூரோவும், நிர்வாகச் செலவுக்கு 650 யூரோவும் தனியே போகின்றன. அந்த 1,000 யூரோ எந்தெந்தச் செலவுக்கு என்பதை வழிகாட்டியுடன் முதல் மாதமே எழுதி வைத்துக்கொண்டார்கள்.

இரண்டாம் அறிக்கையிலும் குறைகள் இருந்தன. இரண்டும் புதியவை: ஃபெல்லோஷிப்புக்குப் பிறகான தொழில் திட்டம் போதிய விவரத்தோடு இல்லை, அறிவுசார் சொத்துரிமை மேலோட்டமாகப் பேசப்பட்டிருக்கிறது. முதல் அறிக்கையில் இவற்றின் பேச்சே இல்லை. பழைய அறிக்கையை வரிக்கு வரி திருத்தியதோடு நிறுத்தியிருந்தால் 93 வந்திருக்காது என்றே தோன்றுகிறது. திருத்தம் கேட்காத பகுதிகளையும் மறுபடி எழுதியதில்தான் பாதி உயர்வு வந்திருக்க வேண்டும். தொழில் திட்டம் பகுதியோ முதல் சுற்றிலிருந்து அப்படியே போனது.

## மாற்றிச் செய்யவேண்டியவை

ஹோஸ்டுக்கு எழுதும் முன்பே, கடந்த மூன்று ஆண்டில் எந்த நாட்டில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்ற அட்டவணையைப் போட வேண்டும். அரை மணி நேர வேலை. இங்கே அது செய்யப்படாததால் இரண்டு மாதப் பேச்சுவார்த்தை வீணானது.

முதல் ஆண்டில் எல்லாவற்றையும் ஒரே திட்டத்தில் வைத்தது அடுத்த பெரிய பிழை. ஜெர்மனியின் ஹம்போல்ட் அறக்கட்டளை ஃபெல்லோஷிப்புக்கு அப்போது ஆண்டு முழுவதும் விண்ணப்பிக்க முடிந்தது. முதுமுனைவர் பிரிவுக்குப் பட்டம் பெற்று நான்கு ஆண்டுக்குள் இருக்க வேண்டும். ஜப்பானின் அறிவியல் வளர்ச்சிக் கழகமான ஜே.எஸ்.பி.எஸ். திட்டத்தில் அந்த எல்லை ஆறு ஆண்டு; அங்குள்ள ஹோஸ்ட் ஆய்வாளர் வழியாக விண்ணப்பம் போகும் பாதை உண்டு. தகுதிக் காலம் மிகக் குறுகியதை முதலில் வைத்து வரிசைப்படுத்தியிருந்தால், 2023 செப்டம்பருக்கும் 2024 பிப்ரவரிக்கும் நடுவே சும்மா போன ஐந்து மாதத்தில் இன்னும் ஒரு விண்ணப்பமாவது போயிருக்கும். ஒன்றுக்கு மேல் கிடைத்தால் எதை ஏற்பது, எதை விடுவது என்பதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

பீம்டைம் போன்ற வெளி வசதியை நம்பும் எந்தத் திட்டத்துக்கும், அந்த வசதிக்கான விண்ணப்பம் ஃபெல்லோஷிப் விண்ணப்பத்துக்கு ஆறு மாதம் முன்பே போக வேண்டும். செல்களின் எண்ணிக்கையும் மாறியிருக்கிறது: அடுத்த பீம்டைமுக்கு ஆறுக்குப் பதில் பன்னிரண்டு, ஒவ்வொன்றும் புறப்படும் முன் 48 மணி நேரம் கசிவுச் சோதனையில்.